மகனின் லீவுக்காகக் காத்திருக்காதீர்கள்

பிரான்சு போய்த் திரும்பிய நம் வயதுக்காரர்களைப் பார்த்தால், "என்ன பார்த்தீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "பேரப்பிள்ளையைப் பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஃபில் கோபுரத்தைக் காட்டினான். மத்தபடி வீட்டிலேயேதான் சார்." மூன்று மாதம் தங்கியிருப்பார்கள். அந்த மூன்று மாதத்துக்கும் சொல்ல இவ்வளவுதான் இருக்கும்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. என் வீட்டுக் கதையும் இதேதான்.

என் மகன் லியோன் நகரை ஒட்டிய புறநகரில் இருக்கிறான். நானும் என் மனைவியும் மூன்று முறை அங்கே போய் வந்தோம். அவன் வீட்டுச் சமையலறையில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். செப்டம்பர் பக்கத்தில் மலைகளுக்கு நடுவே பச்சையும் நீலமும் கலந்த ஓர் ஏரி. பேத்திக்குச் சோறு பிசைந்துகொண்டே ஒருநாள் கேட்டாள். "ஏங்க, இந்த ஏரி எங்க இருக்கு?" படத்துக்குக் கீழே இருந்த பெயரைப் படித்துவிட்டுச் சொன்னேன். "அன்சி. பக்கத்துலதான், ரயில்ல ரெண்டு மணி நேரம்." மகனிடம் சொன்னோம். "அடுத்த லீவுல போகலாம்பா" என்றான். பொய் சொல்லவில்லை, அந்த லீவு வேறு வேலையில் போய்விட்டது. அதற்கடுத்த லீவும் அப்படியே. 2018-இல் அவள் போய்விட்டாள்.

நான் மகனைக் குறை சொல்லவில்லை. பிரெஞ்சு வழியில் படித்து ப்ரெவே தேறியவன் நான். முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் சுற்றறிக்கைகளைப் படித்து, குறிப்பெழுதி, கோப்பு நகர்த்தியவன். ஒரு ரயில் கால அட்டவணையைப் படித்து இரண்டு டிக்கெட் எடுக்க எனக்கு என்ன தடை? "பிள்ளை கூட்டிப் போவான்" என்று உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் செப்டம்பரில் தனியாகப் போனேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். என் கருத்து இதுதான்: பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் பார்சல் மாதிரி போய், பார்சல் மாதிரி திரும்பி வரக் கூடாது. ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது, தாங்களாகவே புறப்பட்டு ஓர் ஊரைப் பார்க்க வேண்டும். அதற்கு அன்சி மிகவும் தோதான ஊர். நம் வயதுக்கு வேண்டிய விவரங்கள் சுற்றுலாப் புத்தகங்களில் இருப்பதில்லை. சைக்கிளில் ஏரியைச் சுற்றினால் சுமார் 40 கிலோமீட்டர் என்று எழுதுவார்கள்; எங்கே உட்காரலாம் என்று எழுத மாட்டார்கள். அதை நான் எழுதுகிறேன்.

முதலில் பெயர். எழுத்தைப் பார்த்து "அன்னெசி" என்று கேட்காதீர்கள். "அன்சி" என்றால்தான் புரியும். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 447 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் மூச்சு வாங்குமோ என்ற பயம் வேண்டாம். ஏரி 14 கிலோமீட்டருக்கு மேல் நீளம்.

போகும் வழி. பாரிசில் இருப்பவர்களுக்கு கார் தெ லியோன் நிலையத்திலிருந்து நேரடி அதிவேக ரயில் உண்டு. நான்கு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். லியோனிலிருந்து பார் தியே நிலையத்தில் வட்டார ரயில் ஏறினால் சுமார் 2 மணி நேரம். 60 வயது தாண்டியவர்களுக்கு ரயில்வே ஒரு வருடச் சலுகை அட்டை தருகிறது. நான் பார்த்தபோது 49 யூரோ. அதிவேக ரயிலில் 30 சதவீதம் குறையும். ஒரே ஒரு பயணம்தான் என்றால் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஜெனீவா விமான நிலையம் இந்த ஊருக்கு மிக அருகில். சுவிட்சர்லாந்தும் ஷெங்கன் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு என்பதால் அதே விசா செல்லும். பணம் மட்டும் அங்கே ஃபிராங்க்.

போகும் காலம். மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், கூட்டம் தாங்காது. ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை ஏரித் திருவிழா, பெரிய வாணவேடிக்கை. நம் வயதில் அன்று அந்த ஊரில் கால் வைக்க வேண்டாம். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு காலைகளில் பழைய நகரில் சந்தை கூடும். வெள்ளிக்கிழமை போனால் சந்தையும் கிடைக்கும், ஞாயிறு அளவுக்கு நெரிசலும் இருக்காது. செவ்வாயில் அருங்காட்சியகங்களை மூடும் வழக்கம் பிரான்சில் பரவலாக உண்டு. அதையும் மனதில் வையுங்கள்.

ரயில் நிலையத்திலிருந்து ஏரிக்கு மெதுவாக நடந்தால் கால் மணி நேரம். ஏற்றம் இல்லை. ஏரியிலிருந்து வெளியேறும் தியு என்ற சிற்றாறு பழைய நகரின் நடுவே ஓடுகிறது. அதன் மத்தியில் கப்பலின் முன்பக்கம் போல ஒரு பழைய கல் கட்டடம் நிற்கும். பெயர் பலே தெ லீல். நீதிமன்றமாக, நாணயச் சாலையாக, சிறைச்சாலையாக இருந்த இடம். பாலத்தில் நின்று பார்த்தாலே போதும். பக்கத்தில் ரூ சேந்த் கிளேர் என்ற தெரு. வீடுகளின் கீழ்ப்பகுதி வளைவு வளைவாகத் திறந்திருக்கும். நம் ஊர்த் திண்ணைத் தாழ்வாரத்தில் நடப்பது போல வெயிலும் மழையும் படாமல் நடக்கலாம். ஆனால் தரை முழுக்கக் கல் பாவியது. ஈரமானால் வழுக்கும். தோல் செருப்பு வேண்டாம், ரப்பர் அடி போட்ட ஷூ போடுங்கள்.

கோட்டை மேட்டின்மேல் இருக்கிறது, ஏற்றம் செங்குத்து. எனக்கு முழங்கால் ஒப்பவில்லை, விட்டுவிட்டேன். புனித பிரான்சிஸ் சலேசியாரின் உடல் வைக்கப்பட்டிருக்கும் பேராலயமும் மேட்டில்தான். அங்கே போக விரும்புகிறவர்கள் வாடகைக் கார் பிடியுங்கள். அவர் பெயரால் 1838-இல் அன்சியில் தொடங்கிய சபையின் குருக்கள் 1840-களிலேயே விசாகப்பட்டினம் பக்கம் வந்து பள்ளிகள் நடத்தினார்கள். ஊர் தூரமென்றாலும் உறவு புதிதல்ல.

ரூசோவைப் படித்தவர்களுக்கு இன்னொரு செய்தி. 1728-இல், பதினாறு வயது நிறையாத ரூசோ, மதாம் தெ வரானை முதன்முதலில் சந்தித்தது இந்த ஊரில்தான். அந்த இடத்தைச் சுற்றித் தங்க நிறத்தில் கம்பி வேலி போட்டு, அவர் மார்பளவுச் சிலையை வைத்திருக்கிறார்கள். பழைய நகரில் நடக்கும்போது பார்த்துவிடலாம்.

இனி முக்கியமான விஷயம், உட்காருவது. ஏரிக்கரையில் பாக்கியே என்று பரந்த புல்வெளி. அதிலிருந்து "காதலர் பாலம்" தாண்டினால் பெரிய மரங்கள் நிறைந்த தோட்டம். பெஞ்சுகள் நிறைய உண்டு. நான் அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். தண்ணீர் அவ்வளவு தெளிவு, கரையோரக் கூழாங்கற்களை எண்ணலாம். இதுவும் தானாக வந்ததல்ல. 1950-களில் சாக்கடை கலந்து கெடத் தொடங்கிய ஏரிதான் இது. சேர்வெத்தாஸ் என்ற மருத்துவர் விடாமல் எச்சரித்தார். கரையோர ஊராட்சிகள் 1957-இல் ஒன்றுசேர்ந்து, கழிவுநீர் ஏரியில் விழாதபடி சுற்றிலும் குழாய் பதித்தன. நம் ஊசுட்டேரியை நினைத்துக்கொண்டேன். கோப்புகள் எவ்வளவு காலம் மேசை மேசையாக நகரும் என்பது எனக்குத் தெரியும். அங்கேயும் கோப்பு இருந்திருக்கும். யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஏறவோ நடக்கவோ முடியாதவர்களுக்குப் படகுதான் வரம். தியு ஆற்றின் முகப்பிலிருந்து புறப்பட்டு, சுமார் ஒரு மணி நேரத்தில் ஏரியைச் சுற்றிக் காட்டிக் கொண்டுவந்து விடுவார்கள். குளிர்காலத்தில் படகுகள் குறைவு. எதிர்க்கரையில் தல்லுவார் என்ற சிற்றூர்; 1896-இல் செசான் இந்த ஏரியை வரைந்தது அங்கே தங்கியிருந்தபோதுதான். பஸ்ஸிலும் போகலாம். கோர்ழ் துய் ஃபியேர் என்ற மலையிடுக்கு பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பாறையில் பொருத்திய நடைபாதையில் படிகள் உண்டு, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். முழங்கால் நன்றாக இருப்பவர்கள் மட்டும் போகலாம்.

சாப்பாடு. சைவக்காரர்கள் கவனிக்க வேண்டும். தார்திஃப்ளெத் என்று உருளைக்கிழங்கும் ரெப்லோஷோன் சீஸும் போட்டு அடுப்பில் வைத்துத் தருவார்கள். மணமாக இருக்கும், ஆனால் அதில் பன்றி இறைச்சித் துண்டுகள் கிடக்கும். ஃபோந்துய் என்ற உருகிய சீஸில் வெள்ளை ஒயின் ஊற்றியிருப்பார்கள். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் ஏரி மீனான ஃபேரா கேட்கலாம். மதியம் இரண்டு மணி தாண்டினால் பல உணவகங்களில் அடுப்பு அணைந்துவிடும். பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டியதில்லை. "கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும், அது சட்டம். கழிப்பறைக்கும் வழி சொல்கிறேன்: ரயில் இறங்குவதற்கு முன் ஒருமுறை, சாப்பிட்ட உணவகத்தில் ஒருமுறை. இதை வெட்கப்படாமல் திட்டமிடுங்கள். நம்மில் பலர் வெளியே கிளம்பாததற்குக் காரணமே இதுதான் என்று எனக்குத் தெரியும்.

உடம்பு. இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு விசாவுக்காக எடுத்த மருத்துவக் காப்பீடு (குறைந்தது 30,000 யூரோ) இருக்கும். அதன் நகல் சட்டைப்பையில் இருக்கட்டும். மாத்திரைகளுக்குக் கம்பெனிப் பெயர் அங்கே புரியாது. மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கிச் செல்லுங்கள். பச்சைச் சிலுவை எரியும் கடை மருந்துக்கடை. அவசரத்துக்கு 112.

மொழி. பிரெஞ்சு தெரியாதவர்களும் ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்: போன்ழூர். அதைச் சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள். சொல்லிவிட்டால் முகம் மாறும். டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் என் பிரெஞ்சைக் கேட்டுச் சிரித்து, "என் தாத்தா இப்படித்தான் பேசுவார் மெஸ்யே" என்றாள். எந்த ஊர் என்றாள், புதுச்சேரி என்றேன். அவள் சவுவா மாநிலம் 1860-இல் வாக்கெடுப்பு நடத்திப் பிரான்சோடு சேர்ந்தது. நாம் 1954-இல் கீழூரில் வாக்களித்துப் பிரிந்தோம். இதை அவளிடம் சொல்லலாம் என்று பார்த்தேன். பின்னால் வரிசை நின்றது, நகர்ந்துவிட்டேன்.

பள்ளியில் லமார்த்தினின் ஏரிக் கவிதையை மனப்பாடம் செய்தவர்களுக்குக் கடைசியாக ஒரு திருத்தம். அது இந்த ஏரி இல்லை. நானும் ஐம்பது வருடம் இதுதான் என்று நினைத்திருந்தேன். அவர் பாடியது பக்கத்து எக்ஸ் லே பேனை ஒட்டிய பூர்ழே ஏரியை. அன்சியிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

மாலை வீடு திரும்பியதும் மகன் கதவைத் திறந்தான். "சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனேப்பா" என்றான். "தெரியும்டா" என்றேன். மறுநாள் பேத்திக்குப் பள்ளி இல்லை. படகில் பார்த்த மலைகளையெல்லாம் அவளுக்குச் சொன்னேன்.

மருமகளோ மகனோ மனம் நோகும்படி சண்டை போட்டுக் கிளம்பச் சொல்லவில்லை. முதல் நாள் இரவு சொல்லுங்கள், ரயில் நேரத்தைத் தாளில் எழுதிக் கொடுங்கள், போனில் சார்ஜ் போடுங்கள். துணை இருந்தால் அழைத்துப் போங்கள். அவர் ஒரு படத்தைக் காட்டி "இது எங்க இருக்கு?" என்று கேட்டால், அந்த வாரமே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.