பிள்ளை பெற்றவர்களுக்கு ஓர் இரவு ஓய்வு உண்டா?



நம் நாட்டில் கல்லுக்கும் செம்புக்கும் கூட இரவு ஓய்வு உண்டு. மதுரைக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். தினந்தோறும் இரவில் சுந்தரேசுவரருடைய பாதத்தைப் பல்லக்கில் வைத்து, மேளதாளத்துடன் தூக்கிக்கொண்டு போய், மீனாட்சியின் பள்ளியறையில் சேர்த்த பிறகுதான் கோயில் கதவைச் சாத்துகிறார்கள். இது வருஷம் 365 நாளும் தவறாமல் நடக்கிறது. போதாததற்குச் சித்திரையில் ஒரு கலியாணம். தை மாதத்தில் இருவரையும் தெப்பத்தில் ஏற்றி, வண்டியூர்க் குளத்தில் விளக்கு வெளிச்சத்தோடு ஒரு சவாரி. இவ்வளவும் யாருக்கு? இரண்டு பிள்ளைகளைப் பெற்ற தாய் தகப்பன் என்று புராணம் சொல்லுகின்ற இருவருக்கு. அந்தப் பிள்ளைகளையாவது அவர்கள் தாங்களே வளர்த்தார்களா என்று பார்த்தால், ஒரு பிள்ளையைக் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் வளர்த்ததாகவும், மற்றொரு பிள்ளையைத் தாய் குளிக்கப் போகும்போது வாசலில் காவல் வைத்ததில் தகப்பனே வந்து அதன் தலையை வாங்கிவிட்டதாகவும் கதை எழுதி வைத்திருக்கிறார்கள். கதை மெய்யா பொய்யா என்கின்ற விசாரணை இன்றைக்கு வேண்டாம். நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பசியும் அசதியும் இல்லாத சாமிகளுக்குத் தினம் ஓர் இரவு ஒதுக்கி, அதற்கு எண்ணெயும் பூவும் வாங்க நம்மிடம் காசும் வசூலிக்கிறார்களே, பகலெல்லாம் உழைத்து, இரவெல்லாம் தூளி ஆட்டுகின்ற மனிதத் தாய் தகப்பனுக்கு மாதத்தில் எத்தனை இரவு ஒதுக்கியிருக்கிறோம்?

சிறிது நாளைக்கு முன் சேலம் பக்கத்து ஊரொன்றில், ஐந்து வருஷத்துக்கு முன்பு நாம் முன்னின்று நடத்திய சுயமரியாதைத் திருமணத் தம்பதிகளின் வீட்டுக்குப் போயிருந்தோம். இருவரும் விசைத்தறியில் வேலை செய்பவர்கள். மூன்று வயதில் ஒரு பெண்ணும், கைக்குழந்தையாக ஒரு பையனும் இருக்கிறார்கள். “நீங்கள் இருவர் மட்டும் கடைசியாக எப்போது வெளியில் போனீர்கள்?” என்று பேச்சுவாக்கில் கேட்டோம். தோழர் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை. “பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனதுதானுங்கண்ணா. போறப்போ ரெண்டு பேரு, வரப்போ மூணு பேரு” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் நமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் நம் வீட்டுக் கதையும் அதுவேதான். நாம் இருபது வருஷ காலமாக ஊர் ஊராகப் போய்ப் பெண் விடுதலையைப் பற்றிப் பேசி வருகிறோம். நம் பிள்ளைகள் இருவரும் சிறுவர்களாயிருந்த காலத்தில் மாதத்தில் பத்துப் பன்னிரண்டு கூட்டம் இருக்கும். ஒரு நாள் இரவு கூட்டம் முடிந்து, கழுத்தில் விழுந்த துண்டுகளோடு வீட்டுக்குப் போனோம். காய்ச்சலாய்க் கிடந்த சிறு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நம் துணைவியார் கதவைத் திறந்தார். “நீங்க பேசற பெண் விடுதலையை ஊரெல்லாம் கேட்டாச்சு. நான் ஒருத்திதான் இன்னும் கேக்கலை” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு நம்மிடம் அன்றைக்கும் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். ஆனாலும் கழிந்துபோன அந்தப் பத்து வருஷத்து இரவுகளை இனி எந்தத் தீர்மானம் போட்டும் அவருக்குத் திருப்பித் தர முடியாது. ஆகையால்தான் இளைய தோழர்களுக்கு இதை எழுதுகிறோம்.

நிற்க, இது நம் இரண்டொருவர் வீட்டு விவகாரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்திய சர்க்கார் 2024-ஆம் ஆண்டு வீடு வீடாகப் போய், ஜனங்கள் ஒரு நாள் பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகின்ற பெண் ஒருத்தி ஒரு நாளைக்கு அதற்காகச் செலவிடுவது சராசரி 289 நிமிஷம். ஈடுபடுகின்ற ஆண் செலவிடுவது 88 நிமிஷம். பிள்ளைகளையும் நோயாளிகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்ளும் வேலையோ வேறு கணக்கு. 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு 41 பேர் அதைச் செய்கிறார்கள். ஆண்களில் 100-க்கு 21 பேர்தான். செய்பவர்களிலும் பெண் 140 நிமிஷம், ஆண் 74 நிமிஷம். ஆண்மக்கள் இந்தக் கணக்கைப் படித்துவிட்டு, “நானும் கடைக்குப் போகிறேனே” என்று சமாதானம் சொல்லாமல், தங்கள் வீட்டில் தங்கள் பங்கு எத்தனை நிமிஷம் என்று ஒரு நாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

இனி, ஒரு தாய் மாலையில் சற்று வெளியில் போகலாமென்றால் குறுக்கே எத்தனை தடை நிற்கிறது பாருங்கள். முதல் தடை மூடநம்பிக்கை. விளக்கு வைத்த பிறகு பிள்ளைத்தாய்ச்சி வாசற்படி தாண்டினால் காற்றுக் கருப்பு அண்டுமாம். அந்தி நேரத்தில் குழந்தையின் மேல் பறவை நிழல் பட்டால் பட்சி தோஷமாம். குழந்தை பச்சையாய்க் கழிந்து இளைத்துப் போனால் அது வயிற்றுப்போக்கு என்றும், உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் கொடுத்து உடனே டாக்டரிடம் காட்ட வேண்டுமென்றும் சொல்லுவதற்குப் பதில், “அந்தியில் எங்கே போய்ச் சுற்றினாய்?” என்று தாயைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். பெற்றவளைச் சிறை வைப்பதற்குப் பறவையின் நிழலையும் கூடச் சாட்சிக்குக் கூப்பிடுகிற சாமர்த்தியம் நம் வைதீகத்தைத் தவிர வேறு யாருக்கு வரும்?

அதிலும் கொடுமை ஒன்றுண்டு. பிறந்த குழந்தை இரண்டு மூன்று மணிக்கொரு தரம் விழித்துப் பாலுக்கு அழும். மாதக்கணக்கில் ஒரே மூச்சாய் நாலு மணி நேரம் தூங்கக் காணாத தாய்க்கு மனம் சோர்ந்து போவதில் ஆச்சரியம் என்ன? பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு வரும் கடும் மனச்சோர்வை மருத்துவர்கள் நோய் என்கிறார்கள். சிகிச்சை செய்தால் குணமாகும் என்கிறார்கள். நம்மூரில் அதைப் பேய் என்கிறார்கள்; வேப்பிலை அடிக்கிறார்கள். அவளுக்கு வேண்டியது தூக்கமும், துணையும், மருந்தும். கிடைப்பதோ பூசாரி.

இரண்டாவது தடையாக, “எங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறாள், கூட்டுக் குடும்பத்தில் இந்தத் தொல்லையே இல்லை” என்று பழமைப் பெருமை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வாஸ்தவம், பாட்டி இருக்கிறாள். மருமகள் அடுக்களைக்குப் போனால் பாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். கோயிலுக்குப் போனாலும் பார்த்துக்கொள்வாள். புருஷனும் பெண்சாதியுமாக ஆற்றங்கரைக்குப் போய்ச் சற்று உட்கார்ந்து வருகிறோம் என்று சொன்னால் மட்டும் பாட்டிக்கு இடுப்பு வலி வந்துவிடுகிறது! இது பாட்டியின் குற்றமல்ல. அவளுடைய காலத்தில் அவளை யாரும் அப்படிப் போகவிடவில்லை. தனக்குக் கிடைக்காத சுதந்திரம் மருமகளுக்கு எதற்கு என்று நினைக்கும்படி அவளைப் பழக்கிவைத்தது எந்த மதமோ, எந்த வழக்கமோ, அதன் குற்றம்.

மூன்றாவதாக, “பிள்ளையை விட்டுவிட்டுப் புருஷனோடு உலாவப் போகிறவள் ஒரு தாயா?” என்று கேட்கிறார்கள். பிள்ளையை விட்டுவிட்டு நடுநிசி வரை நாடகத்துக்கும், சீட்டாட்டத்துக்கும், பஜனைக்கும், ஏன், நம்முடைய கூட்டத்துக்கும் போகின்ற ஆணைப் பார்த்து, “நீ ஒரு தகப்பனா?” என்று எந்தக் காலத்திலாவது யாராவது கேட்டதுண்டா? ஒரே பிள்ளை, பெற்றவர் இருவர்; கேள்வி மட்டும் ஒருத்திக்கு என்றால், அது பிள்ளையின் மேலுள்ள கருணையல்ல, பெண்ணின் மேலுள்ள அதிகாரம் என்பதைத் தவிர வேறென்ன?

சிலர் இது பணக்காரர் சமாசாரம் என்பார்கள். பணக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை என்பதுதான் உண்மை. அவர்கள் வீட்டில் ஆயா இருக்கிறாள். எஜமானனும் எஜமானியும் விருந்துக்குப் போன இரவில் அவர்கள் பிள்ளையைத் தாலாட்டுகிறவள் அந்த ஆயா. அதே இரவில் ஆயாவின் பிள்ளையை யார் தாலாட்டுகிறார்கள்? அவளுடைய எட்டு வயது மூத்த பெண்! அந்தப் பெண்ணுக்கு மறுநாள் பள்ளிக்கூடம் உண்டோ இல்லையோ, இடுப்பில் தம்பி உண்டு. ஆகவே மேல்வீட்டுத் தாயின் ஓய்வு என்பது கீழ்வீட்டுத் தாயின் ஓய்வையும், கீழ்வீட்டுச் சிறுமியின் படிப்பையும் பிடுங்கித்தான் கிடைக்கிறது. நாம் கேட்கும் ஓய்வு அந்த மாதிரி ஓய்வல்ல.

சட்டம் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்துதான் இருக்கிறது. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டுமென்றது. 2017-ஆம் வருஷத்துத் திருத்தம் பிரசவ விடுமுறையை 26 வாரமாக உயர்த்தி, 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களில் காப்பகம் வேண்டுமென்றது. ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் தறிக்கூடத்தில் இருப்பவளுக்கும், நாற்று நடப் போகிறவளுக்கும் இதில் என்ன வந்தது? 1975-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகள் ஊர்தோறும் வந்திருக்கின்றன. நல்ல காரியம். அதுவும் பகலுக்குத்தான். சுவீடன் தேசத்தில் 1974-லேயே பிள்ளை வளர்ப்பு விடுமுறையைத் தாய்க்கு மட்டுமென்றில்லாமல் தகப்பனுக்கும் பொதுவாக்கினார்கள். அங்கே ஒரு பிள்ளைக்கு 480 நாள் விடுமுறையில் 90 நாளைத் தகப்பன் எடுத்தால்தான் உண்டு, தாய்க்கு மாற்றிக் கொடுக்க முடியாது. இரவு வேலைக்குப் போகிற பெற்றோருக்காக இரவிலும் திறந்திருக்கும் காப்பகங்களைக் கூடப் பல ஊர்களில் நகரசபையே நடத்துகிறது. அங்கே எந்தப் பறவை நிழலும் எந்தக் குழந்தையையும் கொண்டுபோய்விடவில்லை.

1929-இல் செங்கல்பட்டு மாகாண சுயமரியாதை மகாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று தீர்மானித்தபோது உலகம் கவிழ்ந்துவிடும் என்றார்கள். அது தமிழ்நாட்டில் 1989-இல் சட்டமாயிற்று, உலகம் கவிழவில்லை. சுயமரியாதைத் திருமணத்தைக் கலியாணமே அல்ல என்றார்கள். 1967-இல் அண்ணா முதல்வராயிருந்தபோது அதுவும் சட்டமாயிற்று. அந்தத் திருமணத்தில் நாம் மணமக்களிடம் சொல்லுவது என்ன? நீங்கள் எஜமானனும் அடிமையும் அல்ல, இருவரும் நண்பர்கள் என்கிறோம். நண்பர்கள் என்றால் அவர்கள் சேர்ந்து பேசுவதற்கு மாதத்தில் ஒரு பொழுதாவது வேண்டாமா? பால் தீர்ந்தது, அரிசி இல்லை, பிள்ளைக்குச் சளி என்ற மூன்று பேச்சைத் தவிர வேறு பேச்சில்லாத வீட்டில் இருவரும் கூட்டாளிகளாக இருக்கலாம். நண்பர்களாக எப்படி இருக்க முடியும்?

ஆகவே, செய்ய வேண்டியதாக நமக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறோம். முதலாவது, ஆண்கள் பிள்ளை பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வாரத்தில் ஓர் இரவு தாய் நிம்மதியாய்த் தூங்கட்டும், தகப்பன் விழித்திருக்கட்டும். இது தெரியாதவனுக்கு மனைவியோடு வெளியில் போகும் யோக்கியதை இல்லை. இரண்டாவது, ஒரே தெருவில் நாலு தோழர் குடும்பங்கள் ஒன்று சேர்ந்து முறை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் ஒரு குடும்பம் மற்ற மூன்று வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால், ஒவ்வொருவருக்கும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காவல், மூன்று சனிக்கிழமை விடுதலை. நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒரே பாயில் தூங்கி, ஒரே பானைச் சோற்றைத் தின்று வளர்ந்தால் அதனால் ஜாதி ஒழிப்புக்கும் கொஞ்சம் உதவி. மூன்றாவது, நம் கூட்டம் நடக்கும் இடத்திலெல்லாம் பந்தலின் ஒரு ஓரத்தில் பிள்ளைகளுக்குப் பாய் விரித்து, அதற்கு ஆண் தொண்டர்களைப் பொறுப்பாக வைக்க வேண்டும். அப்படி வைக்காத கூட்டத்தில் பெண் விடுதலை பேச நாம் இனி ஒப்புக்கொள்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. அப்படிப்பட்ட கைக்குழந்தையை இரவெல்லாம் விட்டுப் போகும்படி நாம் சொல்லவில்லை. ஒரு பாலுக்கும் அடுத்த பாலுக்கும் இடையில் இரண்டு மணி நேரம் உண்டு. ஏரிக்கரைக்குப் போய்வர அது போதும். அதற்குச் செலவும் இல்லை; தெப்பமும் வேண்டாம், மேளமும் வேண்டாம்.

மாதத்தில் எத்தனை இரவு என்று யாரேனும் கேட்டால், ஒன்றுக்குக் குறையக்கூடாது என்போம். சாமிக்கு வருஷம் 365 இரவு ஒதுக்குகிறவர்கள், பெற்றவர்களுக்குப் பன்னிரண்டு இரவு ஒதுக்க மனம் வைக்கக்கூடாதா? இதைப் படிக்கும் இளந்தோழர்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “இந்தச் சனிக்கிழமை நாம் இருவரும் எங்கே போகலாம்?” என்று வீட்டில் இப்போதே கேட்கும்படி வேண்டிக்கொள்கிறோம். நாம் கேட்கத் தவறிய கேள்வி அது.