புழு கூடு கட்ட மறுத்தால் இலையைப் பாருங்கள்

நிலக்கோட்டை என்றாலே மல்லிகைதான் நினைவுக்கு வரும். அந்த மல்லிகைக்கும் கத்தரி, வெண்டைக்கும் பக்கத்திலேயே மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்காகவே இந்த வாரம் எழுதுகிறேன்.

பட்டுப்புழு தண்ணீர் குடிப்பதில்லை. அதற்குத் தேவையான ஈரம், புரதம் எல்லாம் இலையிலிருந்தே கிடைக்க வேண்டும். இளம்புழுவுக்கு முற்றிய இலையோ வாடிய இலையோ போட்டால் வளர்ச்சி பின்தங்கும். தோலுரிப்பு ஒரே சமயத்தில் நடக்காது. மொத்தத் தீனியில் 80 சதவீதத்துக்கு மேல் ஐந்தாம் பருவத்தில்தான் தின்கிறது. பட்டுச் சுரப்பி பெருப்பதும் அந்த ஒரு வாரத்தில்தான். அப்போது இலையைக் குறைத்தால் கூட்டின் எடை குறையும்.

இவையெல்லாம் நீங்கள் அறிந்ததே. அதிகம் பேசப்படாத ஆபத்து வேறொன்று. ஐந்தாம் பருவத்தில் புழுவின் உடலில் இளமை ஹார்மோன் குறைந்தால்தான் அது தீனியை நிறுத்திவிட்டுக் கூடு கட்டத் தொடங்கும். வெள்ளை ஈக்கு அடிக்கும் பைரிப்ராக்சிபென் அந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்யும். பக்கத்துத் தோட்டத்தில் அடித்தது காற்றில் வந்து இலையில் சிறிதளவு படிந்தாலும் போதும். புழு சாகாது, பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், நாள் கடந்தும் தின்றுகொண்டே இருக்கும், கூடு மட்டும் கட்டாது. முட்டை, இலை, கூலி என்று போட்ட பணம் கடைசி வாரத்தில் கைவிட்டுப் போகும்.

சந்தேகமான இலையைச் சில புழுக்களுக்குப் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் உடனே கொல்லும் மருந்தைத்தான் அது காட்டிக்கொடுக்கும். இந்த வகை மருந்து அந்தச் சோதனையில் அகப்படாது. ஆகவே முன்னெச்சரிக்கையே வழி. புதிதாக மல்பெரி நடுவோர் மருந்து அதிகம் அடிக்கும் தோட்டத்தை ஒட்டி நடாதீர்கள். ஏற்கெனவே நட்டவர்கள் பக்கத்துத் தோட்டக்காரரிடம் பேசி, என்ன மருந்து, எந்த நாளில் அடிக்கிறார் என்று கேட்டு வையுங்கள். ஓர வரிசை இலையைப் புழுவுக்குப் போடாதீர்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மல்பெரி விவசாயியைப் பட்டு வளர்ச்சித் துறை பார்க்கிறது; பக்கத்து வயல்காரரைத் தோட்டக்கலைத் துறை பார்க்கிறது. காற்றுக்கு இந்தப் பிரிவினை தெரியாது. இரு துறையினரும் ஒன்றாக ஊருக்குள் வந்து, இரு தரப்பையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசினால் பல வீடுகளின் நஷ்டம் தவிரும்.