பொட்டி நம்மளுது, சாவி யாருது?

ஆணி கொஞ்சம் அதிகம், அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. இன்னிக்கு மேட்டர் பொட்டி சம்பந்தப்பட்டது. டெக்னிக்கல் பதிவுன்னு பயந்து ஓடிடாதீங்க. பாதி புலம்பல், பாதி சண்டை, நடுவுல கொஞ்சூண்டு டெக்னிக்கல். அவ்ளோதான் :-)

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கும்பிடு போட்டுடுச்சு. அதை ஒட்டி எங்க நைனார்பாளையத்துல எனக்குத் தெரிஞ்ச நாலஞ்சு பேர் லேப்டாப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு சின்னசேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் பஸ் ஏறுனாங்க. "பதினொண்ணு போட்டுக் குடுங்க"ன்னு கேட்டாங்க, கடையில போட்டுக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து திறந்தா எல்லாம் பளபளன்னு இருக்கு. வால்பேப்பர் கூட சூப்பர்.

அதுல ஒருத்தர் ரிட்டயர்டு வாத்தியார். தமிழ்ல தட்டச்சு பண்ண என்.ஹெச்.எம். ரைட்டர் வேணும்னு இறக்கி, டபுள் கிளிக் பண்ணியிருக்கார். திரை மங்கலாகி ஒரு சின்னப் பெட்டி வந்து நிக்குது. "நிர்வாகியின் பாஸ்வேர்டு கொடு"ங்குது. மேல யாரோட மெயில் ஐ.டி. இருக்குன்னு பார்த்தா, கடையோடது!

போன் போட்டா கடைக்காரத் தம்பி ரொம்பப் பொறுமையாத்தான் பதில் சொன்னாராம். "எல்லாருக்கும் அந்த ஐ.டி.தான் சார் போடுவோம். கொண்டாங்க, நிமிஷத்துல ஏத்தித் தர்றேன்." ஒரு கீபோர்டு சாஃப்ட்வேர் போட, பொட்டியைத் தூக்கிக்கிட்டு பஸ்ல போய் வரணும். எப்படி இருக்கு கதை?

இது ஏன் நடக்குதுன்னா, விண்டோஸை புதுசா நிறுவும்போது முதல்ல எந்தக் கணக்கு போடுறோமோ அதுதான் அட்மினிஸ்ட்ரேட்டர். அப்புறமா சேர்க்குற கணக்கெல்லாம் சாதா யூசர், நாமளா மாத்துற வரைக்கும். விண்டோஸ் 11 வேற, நிறுவும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கு கொண்டான்னு அடம் பிடிக்கும். ஹோம் எடிஷன்ல 2021-லயே ஆரம்பிச்சது, 2022-ல ப்ரோவுக்கும் வந்துடுச்சு. கடைக்கு வர்ற ஆளுக்குத் தன்னோட ஜிமெயில் பாஸ்வேர்டே ஞாபகம் இருக்காது. ஓ.டி.பி. வர்ற போனை வீட்ல வச்சிட்டு வந்திருப்பார். கடைக்காரர் என்ன பண்ணுவார்? தன்னோட ஐ.டி.யைப் போட்டு வேலையை முடிச்சிட்டு, "உங்க பேர்ல" இன்னொண்ணு சேர்த்துக் குடுத்துடுவார். அவரை வில்லனாக்க நான் தயாரில்லை. ஆனா அந்தப் பழக்கம் தப்புங்குறதுல எனக்கு சந்தேகமே இல்லை.

"நமக்கு எதுக்குப்பா அட்மின், வைரஸ்தானே வரும்"னு ஒரு வாதம் உண்டு. பாதி நியாயம். தினசரி வேலைக்கு சாதா கணக்குதான் நல்லதுன்னு நானும் சொல்வேன். 2007-ல விஸ்டா வந்தப்போ, எதுக்கெடுத்தாலும் "அனுமதிக்கவா?"ன்னு கேட்டு உயிரை வாங்குச்சே, ஞாபகம் இருக்கா? அதுக்குப் பின்னாடி இருந்த யோசனை சரியானதுதான். எக்ஸ்.பி. காலத்துல நாம எல்லாருமே அட்மின், அதனால உள்ள நுழைஞ்ச வைரஸும் அட்மின். விஸ்டாவில இருந்து கூடவே பிறந்த அந்த 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கைத் தூங்க வச்சிட்டாங்க. நான் கேட்குறது வேற. கிணத்து மோட்டார் ஷெட் சாவியைத் தினமும் இடுப்புல சொருகிக்கிட்டுத் திரிய வேணாம். ஆனா அது நம்ம வீட்டு ஆணியில தொங்கணுமா, மோட்டார் மாட்டுன எலக்ட்ரீசியன் வீட்ல தொங்கணுமா?

இன்னொரு கொடுமையும் இருக்கு. விண்டோஸ் 10-லயே இருந்துக்குறேன்னு சொல்றவங்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் தர்றதா மைக்ரோசாஃப்ட் ஒரு ஏற்பாடு பண்ணுச்சு. அதுல சேரணும்னா நீங்க நுழைஞ்சிருக்குற மைக்ரோசாஃப்ட் கணக்கு அந்தப் பொட்டியில அட்மினா இருக்கணும். அட்மின் இல்லாதவனுக்கு மேலயும் போக வழியில்லை, இருந்த இடத்துலயும் நிம்மதியா இருக்க வழியில்லை.

சில பொட்டிகள்ல இன்னும் மோசம். அட்மின் கணக்கே ஒண்ணு கூட உயிரோட இருக்காது. அப்போ அந்தப் பெட்டியில 'ஆம்' பொத்தான் மங்கிப் போய் அமுக்கவே முடியாது. 'இல்லை' மட்டும்தான் இருக்கும். வேண்டாம்னு சொல்ல மட்டும் உரிமை!

முன்னாடி இதெல்லாம் பெரிய விஷயமா இல்லாததுக்குக் காரணம் இருக்கு. 2011 செப்டம்பர் 15-ல தமிழ்நாட்டுல விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஆரம்பிச்சுது. பல பொட்டிகள்ல விண்டோஸும் இருக்கும், சிடாக் பண்ணுன பாஸ் லினக்ஸும் இருக்கும். நம்ம பசங்க அதைத் தூக்கிட்டுப் போய் லினக்ஸை அழிச்சாங்க, எதை எதையோ ஏத்தினாங்க, பாஸ்வேர்டை மறந்தாங்க. ஒண்ணும் குடி முழுகலை. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி இன்னொரு பொட்டியில மாட்டுனா போட்டோ, பாட்டு, ப்ராஜெக்ட் எல்லாம் அப்படியே வந்துடும். பாஸ்வேர்டுங்குறது வாசக்கதவுத் தாழ்ப்பாள் மாதிரி. ஓட்டைப் பிரிச்சா இறங்கிடலாம்.

இப்போ அப்படி இல்லை. 2024-ல வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பைப் புதுசா நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கோட நுழைஞ்சா, தோதான பொட்டிகள்ல டிஸ்க் முழுசையும் தானாவே என்க்ரிப்ட் பண்ணிடுது. திருடன்கிட்ட இருந்து காப்பாத்த நல்ல ஏற்பாடு. மறுக்கலை. ஆனா அதைத் திறக்குற 48 இலக்க மீட்புச் சாவி எங்க போய் உட்காருது? எந்தக் கணக்குல நுழைஞ்சாங்களோ அந்தக் கணக்குல. அதாவது, கடைக்காரர் மெயில்ல!

வாத்தியாருக்கு அதுவும் நடந்துச்சு. பயாஸ் அப்டேட் ஒண்ணு ஓடி முடிஞ்சதும் நீலத் திரை வந்து மீட்புச் சாவியைக் கேட்டுச்சு. உள்ள பேத்தியோட காலேஜ் ப்ராஜெக்டும், இறந்துபோன அவர் சம்சாரத்தோட போட்டோக்களும். வேற எங்கயும் காப்பி இல்லை. கடைக்குப் போனா, அந்த ஐ.டி.யை ஆரம்பிச்ச பையன் வேலையை விட்டுட்டு திருப்பூர் போயாச்சு. நாலு நாள் கழிச்சுத்தான் போன்ல சிக்கினான். நல்ல பையன், உடனே உள்ள போய்ப் பார்த்தான். பார்த்தா ஒரே கணக்குல வரிசையா எத்தனையோ பொட்டிகளோட சாவி! திரையில தெரிஞ்ச சாவி அடையாளத்தோட முதல் எட்டு எழுத்தை வாத்தியார் படிக்க, அதோட பொருந்துறதை அவன் தேடிக் கண்டுபிடிச்சு, 48 இலக்கத்தையும் ஆறு ஆறா சொல்லச் சொல்ல, இவர் டைரியில எழுதினார். திறந்துடுச்சு. அந்தப் பையன் போனை மாத்தியிருந்தா? அந்த ஐ.டி. பாஸ்வேர்டை மறந்திருந்தா? அந்தப் போட்டோக்களை எந்த எஞ்சினியராலயும் எடுத்துக் குடுத்திருக்க முடியாது. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

மத்த ஊட்டுக் கதையும் பார்த்துடலாம். ஆப்பிள் மட்டும் யோக்கியமா? 2017 நவம்பர்ல மேக் ஹை சியரால, பேர் இருக்குற இடத்துல 'ரூட்'னு அடிச்சு பாஸ்வேர்டைக் காலியா விட்டு ரெண்டு மூணு தடவை அமுக்குனா எவன் வேணா அட்மின். 28-ஆம் தேதி துருக்கிக்காரர் ஒருத்தர் ட்விட்டர்ல போட்டு உடைச்சார், மறுநாளே மருந்து வந்துச்சு. மருந்து போட்டுட்டு அப்புறமா 10.13.1-க்கு ஏறுனவங்களுக்கு ஓட்டை திரும்பவும் திறந்துக்கிட்டது தனிக் காமெடி.

உபுண்டு இதுல ஒழுங்கா நடந்துக்கிச்சுன்னு சொல்வேன். 2012-ல 12.04 வந்தப்போ அட்மின் உரிமைக்கான குழுவோட பேரை 'அட்மின்'ல இருந்து 'சூடோ'ன்னு மாத்தினாங்க. ஆனா பழைய பேரையும் விதியில விட்டு வச்சாங்க, அதனால அப்கிரேடு பண்ணவங்களுக்குப் பழைய சாவியே வேலை செஞ்சது. அப்படியே உரிமை போயிட்டாலும் ரெக்கவரி மோடுல நுழைஞ்சு, ரூட்டா நின்னு, நம்ம பேரை அந்தக் குழுவுல சேர்த்துட்டா முடிஞ்சது. (லினக்ஸ் கோஷ்டி ரொம்பக் குதிக்க வேணாம். டிஸ்க்கை என்க்ரிப்ட் பண்ணிட்டு பாஸ்வேர்டை மறந்தா அங்கயும் சங்குதான்.)

சரி, மாட்டிக்கிட்டவங்க என்ன பண்றது? செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ் போய் உங்க பேருக்குக் கீழ அட்மினிஸ்ட்ரேட்டர்னு இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா கடைக்கு ஒரே ஒரு தடவை போங்க. அவங்க கணக்குல நுழையச் சொல்லி, உங்க கணக்கோட வகையை அட்மினிஸ்ட்ரேட்டரா மாத்தச் சொல்லுங்க. அது உங்க சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கா இருக்கட்டும். ஃபைல்களை ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுத்துட்டு, டிவைஸ் என்க்ரிப்ஷனை அணைச்சு, அது முழுசா அவிழ்ந்து முடிஞ்சதும் உங்க கணக்குல இருந்தபடியே திரும்பப் போடுங்க. புதுச் சாவி உங்க கணக்குக்கு வரும், கடையில இருக்குற பழைய சாவி செல்லாக் காசாயிடும். அதுக்கப்புறம் அவங்க கணக்கைத் தூக்கிடலாம். கடைக்காரர் சலிச்சுக்கிட்டா சலிச்சுக்கட்டும், காசு குடுத்தது நாம. புதுசா போடப் போறவங்க போனையும் மெயில் பாஸ்வேர்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க, முதல் கணக்கை நீங்களே பக்கத்துல உக்காந்து தட்டுங்க.

டிஸ்கி: வாத்தியார் அந்த 48 இலக்கத்தை இப்போ பட்டா, சிட்டாவோட சேர்த்து டிரங்குப் பெட்டியில வச்சிருக்கார். டிரங்குப் பெட்டி சாவி பேத்திகிட்ட.