அட்வான்ஸ் கொடுத்தாச்சு!

பதிவு நீளமாகத்தான் இருக்கும். கணக்கு வாத்தியார் சுருக்கமாக எழுதுவார் என்று எதிர்பார்ப்பவர்கள் என் வகுப்பில் உட்கார்ந்ததே இல்லை என்று அர்த்தம்.

போன மாதம் ஒரு மாணவன் போன் செய்தான். பெயர் வேண்டாம். "சார், பொண்ணு இந்தக் கல்யாணம் வேண்டாம்கிறா. நீங்க வந்து கொஞ்சம் எடுத்துச் சொல்லணும்" என்றான். ஏன் வேண்டாம் என்கிறாள் என்று கேட்டேன். "மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு சார்" என்றான்.

நான் கேட்ட கேள்வி என்ன, அவன் சொன்ன விடை என்ன? பரீட்சைத் தாளாக இருந்தால் முட்டை போட்டிருப்பேன்.

நேரில் போனேன். நிச்சயம் முடிந்த பத்தாம் நாளே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டான். மண்டபம் 80,000, மேடை அலங்காரம் 40,000, போட்டோ, வீடியோ, ட்ரோன் எல்லாம் சேர்த்து 35,000, லைட் மியூசிக் 15,000, மேக்கப் 10,000. மொத்தம் 1,80,000 ரூபாய். முகூர்த்தத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. சமையல்காரர் யார் என்று கேட்டேன். "அதைக் கடைசியில பார்த்துக்கலாம் சார்!"

அப்புறம் பெண்ணிடம் பேசினேன். "என் சம்பளம் எந்த பேங்க்ல போடுறாங்க, கல்யாணத்துக்கு அப்புறம் ஏடிஎம் கார்டு யார்கிட்ட இருக்கும், இதைத்தான் சார் அவர் போன் பண்ணும்போதெல்லாம் கேட்கிறார். அப்பாகிட்ட மூணு தடவை சொல்லிட்டேன். மூணு தடவையும் அப்பா அட்வான்ஸைப் பத்திதான் பேசினார்" என்றாள்.

இப்போது என் கட்சியைச் சொல்கிறேன். ஒரு வருடம் முன்னாலேயே எல்லாவற்றையும் புக் செய்வதுதான் புத்திசாலித்தனம் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். அது புத்திசாலித்தனம் அல்ல. பெண்ணும் பையனும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளும் முன்பே வாயைக் கட்டிப் போடும் வேலை. போன பணம் போனதுதான். கல்யாணம் நடந்தாலும் அது திரும்பாது, நின்றாலும் திரும்பாது. இனிமேல் எடுக்கிற முடிவில் அதைக் கூட்டவும் கூடாது, கழிக்கவும் கூடாது. எட்டாம் வகுப்புப் பையனுக்குப் புரிகிற கணக்கு இது. பெண்ணைப் பெற்றவனுக்கு மட்டும் புரிவதில்லை.

எனக்கும்தான் ஒரு காலத்தில் புரியவில்லை. 1988இல் என் தங்கை கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, "அண்ணா, எனக்கு என்னமோ சரியாப் படலை" என்றாள். "பத்திரிகை அடிச்சு ஊருக்கெல்லாம் கொடுத்தாச்சு" என்று நான் சொன்னேன். அவள் வாழ்க்கை எப்படிப் போனது என்று சொந்தக்காரர்களுக்குத் தெரியும். இதுவரை ஒரு நாள்கூட அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆனால் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். அன்றைக்குப் பத்திரிகை அடித்தது கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால். அதுவரை வாயைத் திறக்க இடம் இருந்தது. இன்றைக்கு அட்வான்ஸ் கொடுப்பது பத்து மாதம் முன்னால். வசதி கூடியிருக்கிறது, படிப்பு கூடியிருக்கிறது, பெண் பேசக் கிடைக்கும் காலம் மட்டும் குறைந்துவிட்டது.

"மண்டபம் கிடைக்காதே சார்" என்பீர்கள். அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆடி, மார்கழி கிடையாது. புரட்டாசியில் பலர் செய்வதில்லை. மிச்ச மாதங்களில் வளர்பிறை முகூர்த்தம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்றால் ஊரே அந்த நாலைந்து நாளுக்குத்தான் அடித்துக்கொள்கிறது. வளர்பிறை இல்லாத முகூர்த்தத்திலோ புதன்கிழமையிலோ கட்டினால் தாலி அவிழ்ந்துவிடுமா? கோயிலில் கட்டிக்கொண்டு மாலையில் சாப்பாடு போட்டவர்கள் நன்றாக வாழவில்லையா? மாலை மாற்றிக்கொண்டாலே செல்லும் என்று 1967லேயே தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் நிறைவேற்றியாகிவிட்டது. மண்டபம் கிடைக்கவில்லை என்பதற்காக எந்தச் சட்டமும் கல்யாணத்தைத் தடுக்கவில்லை.

சரி, மண்டபம்தான் வேண்டும் என்றால் அதை மட்டும் முதலில் பேசுங்கள். நிச்சயம் முடிந்த கையோடு வேண்டாம். இரண்டு மூன்று மாதம் போகட்டும். பிள்ளைகள் நாலு தடவை நேரில் பார்த்து, பணம் காசு, வேலை, எங்கே குடியிருப்பது எல்லாம் பேசட்டும். அதன் பிறகு இரண்டு பேரிடமும் தனித்தனியாக, "மண்டபத்துக்குப் பணம் கட்டலாமா?" என்று கேளுங்கள். தனித்தனியாக என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். சபையில் வைத்துக் கேட்டால் எந்தப் பெண்ணும் தலையைத்தான் ஆட்டுவாள்.

பணம் கட்டும்போது ரசீதைப் படியுங்கள். நம் ஆட்கள் கறிவேப்பிலைக்குப் பேரம் பேசுவார்கள், லட்ச ரூபாய் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். தேதி மாறினால் என்ன, நின்றால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கரண்ட், ஜெனரேட்டர் டீசல், துப்புரவுக் கூலி, 18 சதவீத ஜி.எஸ்.டி. இதெல்லாம் வாடகைக்குள்ளா வெளியிலா என்றும் கேளுங்கள். "எந்தக் காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று அச்சடித்திருப்பதாலேயே அது வேதவாக்கு ஆகிவிடாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைப் பற்றித்தான் பேசுகிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பங்குனி, சித்திரைக் கல்யாணங்கள் படுத்தபோது, எழுதி வாங்காதவர்கள் எத்தனை பேர் மண்டப வாசலில் நின்றார்கள் என்று மறந்துவிட்டீர்களா?

மண்டபத்துக்கு அடுத்து சமையல். வந்தவர்கள் மேடையில் என்ன பூ இருந்தது என்று சொல்ல மாட்டார்கள், ரசம் எப்படி இருந்தது என்று பத்து வருடம் சொல்வார்கள். நல்ல சமையல்காரரை மூன்று மாதம் முன்னால் பிடியுங்கள். அவர் சமைத்த ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். மேளமும் அதே சமயத்தில்தான், நல்ல செட்டுக்கு முகூர்த்த நாளில் கிராக்கி. போட்டோகாரருக்கு இரண்டு மாதம். மேடை, மேக்கப், லைட் மியூசிக் எல்லாம் ஒரு மாதம் போதும். இவர் கிடைக்காவிட்டால் இன்னொருவர். வெல்கம் போர்டுக்குப் பக்கத்தில் சோப்புக் குமிழி விடும் மிஷினுக்கெல்லாம் முன்பணம் கொடுக்கும் ஆட்களை என்ன சொல்ல!

என் மாணவன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் எழுதிக்கொடுத்த தாளில் 1,80,000க்குக் கீழே நான் ஒரு வரி எழுதினேன்: "பெண்ணின் வயது 26. மீதி வருடங்கள்?" ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்கு அவனே போய்ச் சொல்லிவிட்டு வந்தான். ஏச்சும் பேச்சும் கிடைத்ததாம். மண்டபத்துக்காரர் அந்தத் தேதிக்கு வேறு ஆள் வந்ததால் 60,000 திருப்பிக் கொடுத்தார். மேக்கப் போடும் பெண் விஷயத்தைக் கேட்டதும் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டது. மற்றவர்கள் போனை எடுக்கவில்லை.

அடுத்த ஆவணிக்கோ தைக்கோ மண்டபம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உங்களில் நாலைந்து பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். பணம் கட்டும் முன் ரசீதின் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். அனுப்பும் முன் பெண்ணிடம் கேட்டாயா என்றுதான் முதலில் கேட்பேன். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.