தூங்காமல் வரச் சொல்லும் சீட்டு

இ.இ.ஜி. பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுக்கும் சீட்டில் வழக்கமாக ஒரு குறிப்பு இருக்கும்: தலைக்கு எண்ணெய் வைக்காமல், ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வரவும். மண்டையில் ஒட்டும் மின்முனைகள் வழுக்காமல் பிடிக்க வேண்டுமே, அதற்காக. சிலருக்கு இன்னொரு குறிப்பும் சேரும்: முந்தைய இரவு தூங்காமல், அல்லது பாதித் தூக்கத்தோடு வரவும். சாதாரண நாளில் ஒளிந்துகொள்ளும் வலிப்பின் தடயத்தைத் தூக்கம் கெட்ட மூளை காட்டிக்கொடுக்கும் என்பது நரம்பியல் துறை பல பத்தாண்டுகளாகக் கையாளும் உத்தி. ஆனால் நோய் உறுதியான பிறகு அதே துறை எழுதித்தரும் மருந்துச் சீட்டில் தூக்கத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. ‘மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீங்க’ என்பது கட்டளையாக வருகிறது. ‘நல்லா தூங்குங்க’ என்பது எழுந்து கிளம்பும்போது சொல்லும் உபசார வார்த்தையாக வருகிறது. வலிப்பு வரக்கூடியவருக்குத் தூக்கமும் சிகிச்சைதான். அதையும் மணிக்கணக்கோடு எழுதித்தர வேண்டும் என்பதே என் வாதம்.

விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளைப் புறணி எளிதில் தூண்டப்படுகிறது. தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு செலுத்தி, மூளை எவ்வளவு வலுவாகப் பதில் தருகிறது என்று அளந்த ஆய்வொன்று 2013-ல் வெளியானது. விழிப்பு நீண்டபோது அந்தப் பதில் வலுத்தது, தூங்கி எழுந்ததும் தணிந்தது. வலிப்பு என்பதே நரம்பணுக்கள் கூட்டமாக, கட்டுப்பாடின்றி மின்னோட்டத்தைக் கொட்டுவதுதான். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் மூளைக்கு இந்தக் கூடுதல் தூண்டல் போதும். ஜெர்மானிய மருத்துவர் டீட்டர் யான்ட்ஸ் 1957-ல் விரிவாக விவரித்த வலிப்பு வகையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பெரும்பாலும் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குள் தொடங்கும். காலையில் எழுந்த சற்று நேரத்தில் கை திடீரென்று வெட்டி இழுக்கும். காபி டம்ளர் தெறித்து விழும், பிரஷ் கை நழுவும். நினைவு தப்பாது என்பதால் அதை நோய் என்று யாரும் நினைப்பதில்லை. ‘கவனம் எங்கே இருக்கு?’ என்று திட்டுதான் விழும். பிறகொரு நாள், பரீட்சைக்கு விடிய விடிய படித்த மறுநாள் காலையிலோ, நாலரை மணி முகூர்த்தத்துக்காக யாரும் படுக்காத கல்யாண மண்டபத்திலோ, முதல் பெரிய வலிப்பு வரும். சுற்றி நிற்பவர்கள் சாவிக்கொத்தைத் தேடுவார்கள். (இரும்புக்கு அங்கே வேலையே இல்லை, ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும்.) அத்தனை மாதம் விழுந்த டம்ளர்களின் கணக்கு அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வரும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை அற்பமானவை அல்ல. 1964-ல் ராண்டி கார்ட்னர் என்ற அமெரிக்க மாணவர் 264 மணி நேரம் தூங்காமல் இருந்து காட்டினார். அவருக்கு வலிப்பு வரவில்லை. உண்மைதான். தூக்கமின்மை எல்லோருக்கும் வலிப்பைக் கொண்டுவரும் என்று யாரும் சொல்லவில்லை. பேச்சு, வாய்ப்பு உள்ளவர்களைப் பற்றியது. அடுத்தது இன்னும் கனமானது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ளவர்களை மருத்துவமனைக் கண்காணிப்பில் வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில் (2002), தூக்கத்தைக் குறைத்தவர்களுக்கும் குறைக்காதவர்களுக்கும் வித்தியாசம் தென்படவில்லை. ஆனால் அது சில நாள் சோதனை. வேலையும் கவலையும் இல்லாத கட்டிலில் நடந்தது. மாதக்கணக்கில் ஐந்து மணி நேரத்தோடு எழுந்து பஸ் பிடிக்கும் ஒருவருடைய மூளையைப் பற்றி அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. மெல்போர்னில், மூளையில் கருவி பொருத்தப்பட்ட பத்துப் பேரை நெடுநாள் பின்தொடர்ந்து 2021-ல் வெளியிட்ட முடிவு எனக்கு அதிகம் உதவுகிறது: வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூங்கிய பிறகு வந்த இரண்டு நாட்களில் வலிப்பின் வாய்ப்பு குறைந்தது. தூக்கம் குறைந்தபோது வாய்ப்பு கூடியதா என்றால், அந்த ஆய்வில் அது நிரூபணமாகவில்லை. நீண்டகாலத் தூக்கக் கடனைப் பற்றிய சான்று இன்னும் சீராக இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வலிப்பே தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதால் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பதும் கடினம். ஆயினும், கூடுதல் தூக்கத்துக்குச் செலவில்லை, பக்கவிளைவு இல்லை. இந்த அளவு சான்று அதை எழுதித்தரப் போதுமானது.

‘நைட் ஷிப்ட் பார்க்கிறவன் எங்கே போய்த் தூங்குவான்?’ என்ற கேள்விதான் பதில் சொல்லக் கடினமானது. நூற்பாலையிலும் கால் சென்டரிலும் சுழற்சி முறையில் வேலை பார்ப்பவருக்கு, நீட் பயிற்சி விடுதியில் அதிகாலை நாலு மணிக்கு எழுப்பப்படும் பிள்ளைக்கு, தூக்கம் தன் கையில் இல்லை. அதனால்தான் வாய்வார்த்தை போதாது என்கிறேன். மேற்பார்வையாளரிடமும் விடுதி வார்டனிடமும் காட்ட ஒரு தாள் வேண்டும். நோயின் பெயர் தெரிந்தால் வேலையே போய்விடும் என்ற பயம் நியாயமானது. ஆகவே அந்தப் பெயரை எழுத வேண்டியதில்லை. மாத்திரைக்கு ‘1-0-1’ என்று குறிக்கும் அதே பேனாவால், ‘இரவுப் பணி கூடாது, இரவு 10 முதல் காலை 6 வரை தூக்கம்’ என்று ஒரு வரி எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தித் தரலாம். வெட்டி இழுக்கும் கையோடு இரவில் ரயில் பெட்டியளவு நீண்ட நூற்பு இயந்திரத்தின் அருகே நிற்பவருக்கு, அந்த ஒரு வரி பகல் ஷிப்டுக்கு மாற்றிக் கேட்க ஒரு காரணமாவது கொடுக்கும்.