பால், ரொட்டி, முட்டை... ஹீப்ருவில்!

'ஷாலோம்' என்று சொல்ல எனக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. அதற்கு அடுத்த வாக்கியத்தைத் தயங்காமல் சொல்ல மூன்று மாதங்கள் ஆயின!

நாள்தோறும் வானொலியில் மணிக்கணக்காகப் பேசுகிறவள் நான். பேச்சுதான் எனக்குச் சோறு போடுகிறது. அப்படிப்பட்டவள், செவ்வாய்க்கிழமை இரவு இணைய வகுப்பில் ஹீப்ரு ஆசிரியர் "மா நிஷ்மா?" என்று கேட்டால் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருப்பேன். "எப்படி இருக்கிறீர்கள்?" என்பதற்கு அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "என்ன கேட்கிறது?" என்று வரும். வானொலிக்காரியை நலம் விசாரிக்க இதைவிடப் பொருத்தமான கேள்வி உண்டா? இருந்தாலும் பதில்தான் வராது.

"உனக்கு எதுக்கு ஹீப்ரு?" என்று கேட்காத தோழி இல்லை. காரணம் என் பாட்டி. அவருடைய பழைய தமிழ் வேதாகமத்தில் 119ஆம் சங்கீதத்தின் இடையிடையே 'ஆலெப்', 'பேத்', 'கிமெல்' என்று சில சொற்கள் தனியாக நிற்கும். சிறுவயதில் அவை யாரோ சிலரின் பெயர்கள் என்று நினைத்திருந்தேன். ஹீப்ரு எழுத்துகளின் பெயர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஹீப்ருவில் 22 எழுத்துகள். அந்தச் சங்கீதத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் எட்டு வசனங்கள். எட்டுமே அந்த எழுத்தில் தொடங்கும். மொத்தம் 176 வசனங்கள். நம் ஆத்திசூடி அகரவரிசையில் போகிறதல்லவா, அதைப்போல. மொழிபெயர்ப்பில் இந்த அடுக்கு கண்ணுக்குத் தெரியாது. அதை மூலத்தில் பார்க்க வேண்டும், பாட்டிக்கும் காட்ட வேண்டும் என்று ஆசை. பாட்டிக்கு வயது 84. அதனால் ஆசையில் கொஞ்சம் அவசரமும் கலந்திருந்தது.

முதல் மாதம் உற்சாகமாகவே போயிற்று. வலமிருந்து இடமாக எழுதுவது சில நாள்களில் கைக்குப் பழகிவிட்டது. உயிரொலிகளைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள் என்பதும் என்னைப் பயமுறுத்தவில்லை. வேதத்திலும் கவிதையிலும் குழந்தைகளின் புத்தகத்திலும் எழுத்துகளுக்குப் புள்ளியும் கோடும் இட்டு ஒலியைக் காட்டுவார்கள். செய்தித்தாளில் அவை இருக்காது. நம் முன்னோரும் ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல்தானே எழுதினார்கள்? படிப்பவர் இடம் பார்த்து ஒலித்துக்கொண்டார்.

'காஃப்' என்ற எழுத்து சொல்லின் முதலில் 'க்' என்று ஒலிக்கும். உயிரொலிக்குப் பின்னால் வந்தால் பெரும்பாலும் தொண்டையை உரசும் 'ஹ்' ஆகிவிடும். 'கல்'லில் வரும் 'க'வும் 'முக'த்தில் வரும் 'க'வும் நமக்கு ஒன்றாகவா ஒலிக்கின்றன? தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இரண்டாம் மாதம் பெருமை இறங்கியது. 'டாலெத்' எது, 'ரேஷ்' எது என்று கண்ணைக் கசக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் ஒரு மூலைதான் வித்தியாசம். ஒரு நாள் வகுப்பில், "நான் ஹீப்ரு படிக்கிறேன்" என்று நீட்டி முழக்கிச் சொன்னேன். ஆசிரியர் சிரித்துவிட்டார். "படிக்கிறேன்" என்பதற்கு ஆண் 'லோமேட்' என்பார், பெண் 'லோமெடெத்' என்பார். செயலியில் நான் கேட்டுப் பழகியது ஆண்குரல். மூன்று வாரமாக நான் ஆணாகவே ஹீப்ரு படித்திருக்கிறேன்! வகுப்பில் நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால், அன்றிரவு அலமாரியில் வைத்த புத்தகத்தை ஐந்து வாரத்துக்கு எடுக்கவில்லை.

தொடக்கநிலை மூன்றில் படிக்கும் என் மகள்தான் அதை மறுபடி எடுக்க வைத்தாள். மறுநாள் அவளுக்குச் சொல்வதெழுதுதல். நான் 'பள்ளிக்கூடம்' என்று சொல்ல, அவள் 'பல்லிக்கூடம்' என்று எழுதினாள். நான்காவது முறையும் அதே பல்லி! "எத்தனை தடவைதான் சொல்றது?" என்று குரலை உயர்த்திவிட்டேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நீங்க ஏன் ஹீப்ரு படிக்கறதை விட்டுட்டீங்க?"

"கஷ்டமா இருந்துச்சு."

"எனக்கும் தமிழ் அப்படித்தான் இருக்கு."

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலையிடத்தில் நாள் முழுதும் தமிழ் பேசுகிறேன். வீட்டுக்கு வந்ததும் "சாப்டியா?" என்பதைத் தாண்டினால் மற்றதெல்லாம் ஆங்கிலம்தான். என் மகளைப் பொறுத்தவரை தமிழுக்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே வேலை, தேர்வு. எனக்கு ஹீப்ருவுக்கு இருந்த ஒரே வேலை, செவ்வாய்க்கிழமை வகுப்பு. வீட்டில் வேலை இல்லாத மொழிமீது யாருக்குத்தான் ஆர்வம் நிற்கும்?

ஹீப்ருவின் கதையே இதைத்தான் சொல்கிறது. பல நூற்றாண்டுகளாக அது வழிபாட்டிலும் நூல்களிலும் கடிதங்களிலும் இருந்தது. எந்தக் குழந்தைக்கும் தாய்மொழியாக இல்லை. 1881இல் எலியேசர் பென் யெஹூதா ஜெருசலத்துக்குக் குடிபெயர்ந்தார். மனைவி டெவோராவும் அவரும் வீட்டில் ஹீப்ரு மட்டுமே பேசுவது என்று முடிவெடுத்தார்கள். 1882இல் மகன் பிறந்தான். வேதத்து மொழியில் பிள்ளை வளர்ப்பது எளிதா? பொம்மைக்குச் சொல் வேண்டும், துவாலைக்குச் சொல் வேண்டும். பொம்மைக்கு 'பூபா', துவாலைக்கு 'மகெவெத்', ஐஸ்கிரீமுக்கு 'கிளிடா' என்று அவர் உருவாக்கிய சொற்களை இன்றும் பேசுகிறார்கள். அந்த மகனுக்குப் பேச்சு தாமதமாகத்தான் வந்தது. ஆனாலும் வந்தது.

அவர் தொடங்கிய பேரகராதி 17 தொகுதிகளாக நிறைவுற்றது 1959இல். அவரோ 1922இலேயே காலமாகிவிட்டார். ஒரு மொழிக்கு உயிர்கொடுத்தது அவர் ஒருவரே அல்ல. ஆசிரியர்களும் குடியேறிகளும் ஆயிரமாயிரம் வீடுகளும் சேர்ந்து செய்த வேலை அது. அந்த வீடுகளில் ஹீப்ருவுக்கு அன்றாடம் வேலை இருந்தது என்பதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாளே எங்கள் வீட்டில் ஹீப்ருவுக்கு ஒரு வேலை கொடுத்தேன். கடைக்குப் போகும் பட்டியலை அதில் எழுதுவது! பால் 'ஹலாவ்', ரொட்டி 'லெஹெம்', முட்டை 'பெய்ட்சிம்'. பக்கத்திலேயே மகள் தமிழில் எழுத வேண்டும். கடைக்குப் போகிறவர் என் கணவர். அவருக்கு ஹீப்ரு தெரியாது என்பதால் மகளின் தமிழைத்தான் நம்பியாக வேண்டும். ஒருமுறை 'வெள்ளம்' என்று எழுதியிருந்தாள். "வெள்ளத்துக்கு நான் எங்கம்மா போறது?" என்று அவர் கடையிலிருந்தே அழைத்தார். அதற்குப் பிறகு 'வெல்லம்' தவறியதே இல்லை. நான் சத்தம் போட்டுத் திருத்தியிருந்தால் இது நடந்திருக்காது.

இன்னும் இரண்டு பழக்கங்கள் எனக்குக் கைகொடுத்தன.

சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதை நிறுத்தினேன். ஹீப்ருவில் பெரும்பாலான சொற்கள் மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைக்கும். க்-த்-வ் என்றால் எழுத்துத் தொடர்பானது. 'கத்தாவ்' என்றால் எழுதினான். 'மிஹ்தாவ்' என்றால் கடிதம். 'க்தோவெத்' என்றால் முகவரி. 'கத்தாவா' என்றால் செய்திக் கட்டுரை. ஒரு வேர் தெரிந்தால் ஒரு குடும்பமே அறிமுகமான மாதிரி. நம் வீட்டுக் கல்யாணங்களில் ஒரு சித்தப்பாவைத் தெரிந்துகொண்டால் போதாதா?

அடுத்தது, வாரம் ஒருமுறை ஒரு நிமிடம் பேசிப் பதிவுசெய்வது. இது தொழில் தந்த பழக்கம். போன வாரத்தோடு ஒப்பிட்டால் எதுவும் மாறியதாகத் தெரியாது. ஆனால், முதல் பதிவைக் கேட்டால் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பே அடுத்த வாரத்துக்குப் போதும்.

விட்டுப்போன நாள்கள் இப்போதும் உண்டு. முன்பெல்லாம் விட்டதைப் பிடிக்க ஒரே நாளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, களைத்து, மறுபடியும் விட்டுவிடுவேன். இப்போது விட்டதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அன்றைய பட்டியலை மட்டும் எழுதுகிறேன். ஆர்வம் வரட்டும், பிறகு உட்காரலாம் என்று காத்திருந்தவள் நான். உட்கார்ந்த பிறகுதான் அது வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டி வீட்டுக்குப் போனோம். 119ஆம் சங்கீதத்தை ஹீப்ருவில் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். இன்னும் எனக்கு அதில் பாதிக்குமேல் புரியாது. ஆனால், பாட்டியின் விரலைப் பிடித்து வலப்பக்க ஓரத்தில் வைத்து, மேலிருந்து கீழாக எட்டு 'ஆலெப்'களையும் தொட்டுக்காட்ட முடிந்தது.

"இதுதானா அந்த ஆலெப்? இத்தனை வருஷமா வாசிக்கிறேன்" என்றார் பாட்டி.

நான் ஹீப்ருவில் ஒரு வசனத்தைத் தட்டுத்தடுமாறி வாசிக்க, என் மகள் அதையே தமிழில் தட்டுத்தடுமாறி வாசித்தாள். லகரமும் ளகரமும் இடம் மாறின. பாட்டி திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. இரண்டு எழுத்துகளோடு அன்று நிறுத்திக்கொண்டோம். இன்னும் 20 எழுத்துகள் பாக்கி. அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார் பாட்டி.