நடந்த இடத்தில் எழுது!

இதை எழுதுகிறவன் இரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. ஒரு மூட்டை வெங்காயம் உள்ளே வந்தாலும் எடை போட்டு, எண் குறித்து, அனுப்புகிறவர் யார், பெறுகிறவர் யார் என்று எழுதாமல் நாங்கள் நகர்த்துவதில்லை. மூட்டை காணாமற் போனால் கேட்பதற்கு ஒரு காகிதம் இருக்கிறது. ஆனால் இந்த மும்பை நகரில் நம்மவர் ஒருவர் கண்ணை மூடினால், பல வீடுகளில் அந்த ஒரு காகிதம் இருப்பதில்லை!

சங்கத்துக்கு அண்மையில் ஒரு சகோதரி வந்தார். அவர் கணவருக்கு ஒரு கம்பெனியில் சுமை தூக்கும் வேலை, பி.எஃப். பிடித்தமும் உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இரவு, நெஞ்சு வலிக்கிறது என்றவர் குடிசையிலேயே இறந்துபோனார். சொந்த மண்ணில்தான் அடக்கம் என்று உறவினர் வேன் பிடித்துத் திருநெல்வேலிச் சீமைக்குக் கொண்டுபோனார்கள். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. பிறகு பி.எஃப். பணத்துக்கு இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். ஊரில் கிராம நிர்வாக அலுவலர், "இறந்தது பம்பாயில், அங்கே போய் வாங்கு" என்றார். இங்கே வார்டு ஆபீசில், "சுடுகாட்டுச் சீட்டு எங்கே?" என்றார்கள். சுடுகாடு அங்கே, சாவு இங்கே. அந்தச் சகோதரி பொட்டழித்து ஆறு வருடம் ஆகிறது. சர்க்கார் கணக்கிலோ அவர் கணவர் இன்னும் உயிரோடிருக்கிறார்.

குற்றம் யாருடையது? பாதி சர்க்காருடையது, பாதி நம்முடையது. நம் பாதியை முதலில் பேசுவோம்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969ஆம் ஆண்டு வந்தது. அதற்கு முன் 1886ஆம் ஆண்டின் வெள்ளைக்காரன் சட்டத்தில் விரும்பியவர் பதியலாம் என்றிருந்தது. 1969க்குப் பின் நாடெங்கும் கட்டாயம். அந்தச் சட்டத்தின் அடிப்படை ஒன்றே: எது எங்கே நடந்ததோ, அங்கேதான் அதைப் பதிய வேண்டும். ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது, குலதெய்வம் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தேவையில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்ப் பெற்ற குழந்தைக்கு ஊரில் பதிவு. இங்கே பெற்ற குழந்தைக்கு இங்கே பதிவு. தாராவி ஜி-வடக்கு வார்டு. ஆனால் தாராவிப் பெண் சயான் ஆஸ்பத்திரியில் பெற்றால், அந்த ஆஸ்பத்திரி இருப்பது எஃப்-வடக்கு வார்டு. இது தெரியாமல் தாதரில் உள்ள ஜி-வடக்கு ஆபீசில் வரிசையில் நின்று வேலை நாளை இழந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஓடுகிற வண்டியில் நடந்தால்? அதற்கும் விதி இருக்கிறது. வண்டிக்குப் பொறுப்பானவர், அது முதலில் நிற்கும் இடத்தில் தெரிவிக்க வேண்டும். ஓடும் இரயிலுக்குக்கூட ஓர் இடம் குறித்திருக்கிறார்கள். ஊருக்கும் பம்பாய்க்கும் நடுவில் வாழும் நாம்தான், "அங்கே பார்த்துக்கொள்வார்கள், இங்கே பார்த்துக்கொள்வார்கள்" என்று இரண்டு இடத்திலும் விட்டுவிடுகிறோம்.

கால அளவை மனத்தில் பதியுங்கள். 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணம் இல்லை. தெரிவித்தவருக்குச் சான்றிதழும் இலவசம். 30 நாள் வரை தாமதக் கட்டணம். ஓராண்டு வரை மாவட்டப் பதிவாளரின் எழுத்து அனுமதி வேண்டும். ஓராண்டு தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு. 2025இல் மகாராஷ்டிர அரசு இந்தத் தாமதப் பதிவின் நடைமுறையை மேலும் இறுக்கிவிட்டது. 21 நாளில் ஒரு நடையில் முடிகிற காரியம், பிறகு எத்தனை நடை, எத்தனை நாள் கூலி, எத்தனை தரகர் என்று வளரும்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை ஆஸ்பத்திரியே தெரிவிக்கும். ஆனால் பெயரும் விலாசமும் நாம் சொல்வதுதான். இந்த ஊர்ப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். நமக்கோ தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் உண்டு. நாம் விழிப்பதைப் பார்த்து எழுதுகிறவர் தமக்குத் தோன்றியதை எழுதிவிடுகிறார். ஒரே குழந்தை ஒரு காகிதத்தில் ஒருவராகவும் மறு காகிதத்தில் வேறொருவராகவும் ஆகிறது. ஆகவே தாய் தகப்பன் ஆதாரில் உள்ள எழுத்துப்படியே ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பெயர் வைக்க நாள் ஆகும் என்றால் பதிவை நிறுத்தாதீர்கள். பெயரில்லாமலே பதியலாம், 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம்.

முன்பெல்லாம் தலைமையாசிரியர் குழந்தையின் வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். அந்தக் காலம் போயிற்று. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சாட்சி. "நீ எந்த ஊர்க்காரன்?" என்று நம் தகப்பன்மாரை 1960களில் இந்நகரத் தெருக்களில் கேட்டார்கள். நம் பிள்ளைகளை நாளை ஆபீஸ் மேசைகளில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை இந்த ஒரு காகிதம்.

இனி சர்க்காரின் பாதிக்கு வருவோம். பதிவு என்பது ஒரு வீட்டின் காரியம் மட்டும் அன்று. எத்தனை பேர் பிறந்தார்கள், எந்த வயதில், எதனால் இறந்தார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் தடுப்பூசியும் மருத்துவமனையும் ஒதுக்க முடியும். நாட்டில் 2020இல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் குறித்தவை நூற்றுக்கு 22 அளவுதான். மற்றவை வெறும் இறப்பு. தோல் பதனிடும் பட்டறையிலும் கல் உடைக்கும் இடத்திலும் நெஞ்சு கெட்டுப் போனவனும் அந்த வெறும் இறப்பில் ஒருவன்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கை மறக்க முடியுமா? எத்தனை புலம்பெயர் தொழிலாளர் இறந்தார்கள் என்று அந்தச் செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அத்தகைய விவரம் இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். அதே மாதம் இரயில்வே அமைச்சர், ஷ்ராமிக் சிறப்பு இரயில்களில் 97 பேர் இறந்ததாக மாநிலக் காவல்துறை தந்த விவரத்தை வைத்துச் சொன்னார். இரயிலில் இறந்தவனை யாரோ எழுதினார்கள். அதனால் ஓர் எண் கிடைத்தது. சாலையில் நடந்து விழுந்தவர்களைச் சர்க்கார் தனியே எண்ணவில்லை. எண்ணாத சாவுக்கு இழப்பீடு கேட்பது எப்படி? பொறுப்பு யார் தலையில் வைப்பது?

ஆகவே நாம் கேட்கிறோம்: தமிழர் நெருங்கி வாழும் வார்டுகளில் தமிழ் தெரிந்த ஒருவரை வையுங்கள். தாய் வீடு திரும்புமுன் சான்றிதழ் அவள் கையில் இருக்கட்டும். இங்கே இறந்து ஊரில் அடக்கமானவர்களின் வழக்குகளை, இரண்டு மாநில அதிகாரிகளும் தங்களுக்குள் கடிதம் எழுதித் தீர்க்கட்டும். விதவையைத் தபால்காரி ஆக்காதீர்கள்!

உறவினர்களுக்கும் ஒரு சொல். உடலை ஊருக்குக் கொண்டுபோவது உங்கள் உரிமை, உங்கள் கடமை. ஆனால் வேன் கிளம்புமுன் டாக்டரை அழைத்துச் சான்று வாங்குங்கள். ஒருவர் பின்தங்கி வார்டு ஆபீசுக்குப் போகட்டும். அழுகிற வீட்டில் இதைச் சொல்வது கடுமையாகத் தோன்றும். சொல்லாவிட்டால் அந்த வீடு இன்னும் ஆறு ஆண்டு அழும்.

அந்தச் சகோதரியின் மனு இப்போது மாஜிஸ்திரேட் ஆபீசில் இருக்கிறது. சங்கம் கூடவே நடக்கிறது. அடுத்த வீட்டுப் பெண் அப்படி நடக்க வேண்டாம். இந்த ஞாயிறே வீட்டுப் பெட்டியைத் திறந்து, யார் யார் காகிதம் இல்லை என்று பாருங்கள். இல்லாதவர்கள் சங்கத்துக்கு வாருங்கள்.